சாரணர் இயக்கமும் சிற்றூர்ச் சிறுவனும்

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் படித்த மாணவர்கள் அக்காப்பியத்தில் வரும் சாரணரை அறிவார்கள். அவர்கள் சமண சமயத்துத் துறவியர். ஓரிடத்தில் நிலைத்து நில்லாது சென்று அறம் உரைப்பவர். பிற இடங்களுக்குச் சென்று செய்தி அறிந்து வரும் ஒற்றரையும் அச்சொல் குறிப்பதுண்டு. 'ஸ்கௌட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகச் சாரணர் என்பது பிற்காலத்தில் வழங்கலானபோது, கூர்ந்து நோக்கி அறிதலும் அறம் புரிதலும் ஆகிய இரு பொருளும் அதனுள் ஒருங்கே அமைந்தன. அவ்வியக்கத்தின் நோக்கமும் அவ்விரண்டேயாம்.

மாணவர்களே! சீருடையும் கழுத்துத் துணியும் அணிந்த சாரணர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். உங்களுள் சிலர் சாரணராகவும் இருக்கலாம். இவ்வியக்கம் நகரத்துச் சிறுவர்களுக்காகத் தோன்றியது. புகை மண்டிய தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று, காட்டையும் கடலையும் விண்மீன்களையும் காட்டுவதே அதன் முதல் வேலையாயிருந்தது. அப்படியாயின், வெட்டவெளியிலேயே பிறந்து வளரும் சிற்றூர்ச் சிறுவனுக்கு அவ்வியக்கம் எதைக் கொடுக்க வல்லது? இந்த வினாவிற்கு விடை தேடி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு கிராமத்துப் பள்ளியில் சாரணர் படை நடத்தியவன் நான். விடையைச் சொல்லுமுன் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தவர் இராபர்ட் பேடன் பவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். 1857-ஆம் ஆண்டு பிறந்த அவர், தமது பத்தொன்பதாம் வயதில் குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தார். பின்னர், தென்னாப்பிரிக்காவில் போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. அப்போது மெபிகிங் என்னும் சிறு நகரம் 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை, 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டிருந்தது. அந்நகரைக் காத்த படைக்குத் தலைவர் பேடன் பவல். காவலுக்கு வீரர்கள் போதாத நிலையில், செய்தி கொண்டு செல்லும் வேலை அவ்வூர்ச் சிறுவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. குண்டு விழும் தெருக்களில் அச்சிறுவர்கள் அஞ்சாது சென்று வந்தனர். பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் சிறுவர் அதனைத் தாங்குவர் என்னும் உண்மையைப் பேடன் பவல் அங்கே கண்டார்.

அதே முற்றுகையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. அந்நகரில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு உணவுப் பங்கீடு வெள்ளையருக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைவாகவே கிடைத்தது என்றும், அவர்களுள் பலர் பட்டினியால் மடிந்தனர் என்றும் பின்னாளைய வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். சிறுவரை நம்பியவரின் நம்பிக்கை எல்லா மனிதரிடத்தும் சமமாகச் சென்று பரவவில்லை. இதனை நினைவில் வையுங்கள். இவ்வியக்கத்தின் வரலாறு முழுவதிலும் இந்த இரண்டு இழைகளும் பின்னிக் கிடக்கின்றன.

தாயகம் திரும்பிய பேடன் பவல் 1907 ஆகஸ்டு மாதத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தார். இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்துக்குள் பிரவுன்சீ என்னும் சிறு தீவு உண்டு. இருபதுக்குச் சற்று மேற்பட்ட சிறுவர்களை அங்கே அழைத்துச் சென்று பாசறை அமைத்தார். அவர்களுள் ஒரு சாரார் ஈட்டன், ஹாரோ முதலிய பெரும்பள்ளிகளில் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள். மற்றொரு சாரார் பக்கத்து ஊர்களில் வாழ்ந்த உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். அக்கால இங்கிலாந்தில் இவ்விரு சாராரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது எளிதில் நடவாத காரியம். பேடன் பவல் அவர்களைக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை, காக்கை இனத்துப் பறவை, கடற்கரைப் பறவை ஒன்று என அணிகளுக்குப் பெயரிட்டார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். அணியின் நன்மை தீமைகளுக்கு அவனே பொறுப்பு.

இந்த அணிமுறைதான் சாரணர் இயக்கத்தின் உயிர்நாடி. கூடாரமும் சீழ்க்கையும் கொடியும் அதன் அணிகலன்களேயாகும். 1908-ஆம் ஆண்டு சனவரி முதல் 'சிறுவர்க்கான சாரணியம்' என்று பொருள்படும் தலைப்பில் பேடன் பவலின் நூல் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. அதனை வாங்கிப் படித்த சிறுவர்கள், பெரியோர் எவரும் அழைக்காமலே, தாமாக அணிகள் அமைத்துக்கொண்டனர். 1909-இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த பேரணியில் பல்லாயிரம் சிறுவர் திரண்டனர். அங்கே சில சிறுமியரும் சாரணர் உடையில் வந்து நின்று, "நாங்களும் சாரணரே" என்றனர். அவர்களுக்காக 1910-இல் சாரணியர் இயக்கம் பிறந்தது. கதவு தானாகத் திறக்கவில்லை. அச்சிறுமியர் தட்டியபின்பே திறந்தது.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். 1909-ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் கேப்டன் பேக்கர் என்பார் முதல் சாரணர் படையைத் தொடங்கினார். ஆனால், அப்படையில் ஐரோப்பியப் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுமே சேரலாம். பிற நகரங்களில் எழுந்த தொடக்ககாலப் படைகளும் அத்தகையனவே. இந்திய மண்ணில், இந்தியச் சிறுவனுக்கு அங்கே இடமில்லை. ஒற்றறியும் கலையைக் கற்ற இந்திய இளைஞர் அதனை ஆட்சிக்கு எதிராகப் பயன்படுத்துவர் என்னும் அச்சம் ஆள்வோருக்கு இருந்தது.

அடைக்கப்பட்ட கதவின் முன் நம் முன்னோர் அழுதுகொண்டு நிற்கவில்லை. பிற்காலத்தில் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய விவியன் போஸ், 1913-இல் மத்திய மாகாணத்தில் இந்தியச் சிறுவர்களுக்கென ஒரு படை அமைத்தார். 1916-ஆம் ஆண்டு அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேல் முதலியோரின் துணையுடன் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்துப் பிள்ளைகள் இந்தியத் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். வடக்கே அலகாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மதன்மோகன் மாளவியா, இருதயநாத் குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை வளர்த்தனர்.

1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். தனித்தனியே இயங்கிய சங்கங்கள் பலவும் அவ்வாண்டில் ஒன்றுசேர்ந்தன. பெசன்ட் அம்மையாரின் சங்கமும் இணைந்தது. சேவா சமிதி மட்டும் தனித்து நின்றது. 1937-இல் தில்லியில் அகில இந்தியச் சாரணர் பெருவிழா நடந்தபோது பேடன் பவல் மீண்டும் வந்தார். அவ்வேளையில் இந்தியரின் ஒழுக்கத்தைக் குறைத்து அவர் கூறியதாக வெளிவந்த கருத்துகள் பெருங்கொதிப்பை விளைவித்தன. பலர் அவரது சங்கத்தை விட்டு நீங்கினர். 1938-இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் எழுந்தது. நாடு விடுதலை பெற்றபின், நேருவும் மௌலானா ஆசாதும் ஊக்குவிக்க, 1950 நவம்பர் 7-ஆம் நாள் பிரிந்து நின்ற சங்கங்கள் கூடிப் பாரத சாரணர் சாரணியர் இயக்கமாயின. 1951 ஆகஸ்டு 15-இல் சாரணியர் சங்கமும் அதனுடன் இணைந்தது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகின்றது. யாருக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டதோ அவருக்கு இடம் கிடைத்த ஒவ்வொரு முறையும் இவ்வியக்கம் வளர்ந்தது. யாரேனும் ஒருவரைத் தாழ்த்திய ஒவ்வொரு முறையும் இது பிளவுபட்டது. இதனை நான் நூலில் படித்தபோது முழுமையாக உணரவில்லை, கிராமத்தில்தான் உணர்ந்தேன்.

கிராமங்களில் சாரணர் படை நிலைப்பது எங்குமே எளிதன்று. அமெரிக்காவில் சாரணர் இயக்கத்தை 1910-இல் நிறுவிய வில்லியம் பாய்ஸ் என்னும் பத்திரிகை அதிபர், சில ஆண்டுகளிலேயே ஒரு குறையைக் கண்டார். பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் இருந்தன. அங்குள்ள சிறுவர்கள் விடியலிலிருந்து தந்தையருடன் உழைத்தனர். படை அமைக்கப் போதிய பிள்ளைகளும் இல்லை. நடத்த ஆசிரியரும் இல்லை. எனவே, அவர் 1915-இல் தனிச்சாரணர் என்றொரு பிரிவைத் தொடங்கினார். தலைவர் இல்லாமலே, அஞ்சலில் வரும் இதழைப் படித்து, ஒரு சிறுவன் தனியே சாரணனாகலாம். அப்பிள்ளைகளே அவ்விதழில் எழுதவும் செய்தனர். 1924-இல் அப்பிரிவு தலைமைச் சங்கத்துடன் சேர்ந்துவிட்டது. கிராமத்துப் பிள்ளையைத் தேடி இயக்கம் செல்ல வேண்டுமேயன்றி, இயக்கத்தின் வசதிக்குக் கிராமத்துப் பிள்ளை வந்து சேரவேண்டும் என்பது பொருந்தாது. பாய்ஸின் முயற்சி நமக்கு உணர்த்தும் பாடம் இது.

பழைய இராமநாதபுரச் சீமையில், கண்மாயை நம்பியும் வானத்தை நம்பியும் வாழும் ஒரு கிராமத்தில், 1986-ஆம் ஆண்டு நான் சாரணர் படை தொடங்கினேன். அப்போது நான் இளம் ஆசிரியன். பயிற்சிப் பாசறையில் பத்து நாள் கற்று வந்த செருக்கு என்னிடம் நிறைய இருந்தது. முதல் நாள் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து, கம்பத்தில் கட்டும் முடிச்சு ஒன்றை மூன்று முறை போட்டுக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சார், இது எங்க வீட்டுல மாடு கட்டுற முடிச்சு" என்று சொல்லி, ஒரே கையால் அதனைப் போட்டுக் காட்டினான். வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால், அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எண்ணிப் பார்த்தேன். குளம்படித் தடம் பார்த்துக் காணாமற்போன ஆட்டைத் தேடிப் பிடிக்க அப்பிள்ளைகளுக்குத் தெரியும். ஏழ்மீனைப் பார்த்துத் திசையும், கார்த்திகை மீனைப் பார்த்து இரவின் பொழுதும் சொல்லும் முதியோர் அவர்கள் வீட்டில் இருந்தனர். மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டுவதும், கருவேல விறகில் தீ மூட்டுவதும், கிணற்றில் நீந்துவதும் அவர்களுக்கு விளையாட்டு. பேடன் பவல் நகரத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்பியவற்றுள் பெரும்பகுதி இவர்களிடம் முன்னமே இருந்தது. அப்படியானால் நான் இவர்களுக்குக் கொடுக்க வந்தது யாது?

விடை கிடைக்குமுன் ஒரு பெரும்பிழை செய்தேன். அணி பிரிக்கும்போது, அருகருகே குடியிருப்போர் ஓர் அணியில் இருந்தால் கூடுவதற்கு எளிது என்று கருதி, தெரு வாரியாகப் பிரித்தேன். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் ஏற்பாடு அது. ஆனால், நம் கிராமங்களில் தெரு என்பது வெறும் தெருவன்று, அது சாதியும்கூட. முதற் பாசறை கண்மாய்க் கரையில் நடந்தது. நான்கு அணியும் நான்கு அடுப்பு மூட்டின. நண்பகலில் ஓர் அணியின் குடத்தில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. பக்கத்து அணியின் குடம் நிறைந்து நின்றது. அதிலிருந்து எடுத்துக் குடிக்க அப்பிள்ளைகள் செல்லவில்லை. எடுத்துக் குடியுங்கள் என்று இவர்களும் அழைக்கவில்லை. வெயிலில் ஒரு மைல் நடந்து சென்று வேறு நீர் கொண்டுவந்தனர். யாரும் ஒரு சொல் பேசவில்லை. சாரணன் எல்லோருக்கும் நண்பன் என்னும் விதியை அன்று காலையில்தான் அவர்கள் ஒரே குரலில் சொல்லியிருந்தனர்.

பிழை பிள்ளைகளுடையதன்று, என்னுடையது. அடுத்த வாரம் அணிகளைக் கலைத்தேன். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் எந்த அணி என்று முடிவு செய்தோம். மறுநாளே சில பெற்றோர் பள்ளிக்கு வந்தனர். சிலர் சினந்தனர், சிலர், "நாங்க ஒண்ணும் சொல்லல சார், ஊர் என்ன சொல்லும்?" என்று வருந்தினர். முப்பத்திரண்டு பேர் இருந்த படையில் ஒரே மாதத்தில் பதினொருவர் எஞ்சினர். இதனைக் கைவிட்டுவிடலாம் என்று நண்பர்கள் அறிவுரை கூறினர். பதினொருவரை வைத்து இரண்டு அணிகள் அமைத்து, வாரந்தோறும் தவறாமல் கூடினோம். அவ்வளவே நாங்கள் செய்தது.

அடுத்த பங்குனிப் பொங்கலில் அம்மன் கோயிலுக்கு எதிரே எங்கள் படை தண்ணீர்ப்பந்தல் வைத்தது. கொதிக்கும் வெயில். முளைப்பாரி எடுத்து வந்த பெண்களும், வெளியூரிலிருந்து நடந்து வந்தவர்களும் திரண்டு நின்றனர். ஊரில் மதிப்புமிக்க பெரியவர் ஒருவர் பந்தலுக்கு வந்தார். மண்பானையிலிருந்து மொண்டு கொடுத்த சிறுவனைப் பார்த்துக் கையை நீட்டாமல் நின்றார். அணித்தலைவன் பதின்மூன்று வயதுப் பையன்; அப்பெரியவரின் தெருவைச் சேர்ந்தவன். அவன் குரலை உயர்த்தாமல், "ஐயா, இவன் எங்க அணி. இந்தப் பந்தல்ல தண்ணி குடுக்குற முறை இப்ப இவனோடது" என்றான். பெரியவர் சற்று நேரம் இருவரையும் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் குடிக்கவில்லை. ஆனால், அன்று மாலை அவருடைய பேரன் பந்தலுக்கு வந்து, படையில் மீண்டும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டான்.

ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். படையை விட்டுப் போனவர்களுள் சிலர் திரும்பி வரவே இல்லை. ஆயினும், இரண்டாண்டில் மீண்டும் நான்கு அணிகள் நிறைந்தன. நான்கிலும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருந்தனர். நான் தேடிய விடையும் எனக்குக் கிடைத்தது. நகரத்துச் சிறுவனுக்குச் சாரணர் இயக்கம் வெட்டவெளியைக் கொடுத்தது. சிற்றூர்ச் சிறுவனுக்கு வெட்டவெளி உண்டு. அவனிடம் இல்லாதது, பிறப்பு வகுத்த தெருவுக்கு வெளியே நின்று தோழமை கொள்வதற்கு ஓர் இடம். அணி என்பது அந்த இடம்.

ஒரு படை சிற்றூரில் தழைப்பதற்கு வேண்டியவை சிலவற்றையும் சொல்லிவிடுகின்றேன். இவை நான் பட்டறிந்தவை.

முதலாவது, ஊரின் காலக்கணக்கோடு ஒத்துப் போதல். விதைப்புக் காலத்திலும் தை அறுவடையிலும் பிள்ளைகள் வயலில் இருப்பார்கள். அந்நாட்களில் கூட்டத்துக்கு வராதவனைத் தண்டித்தால், அவன் படையைத்தான் விடுவான், வயலை விடமாட்டான். நாங்கள் அந்த வாரங்களில் நிலா வெளிச்சத்தில் கூடினோம். இரண்டாவது, செலவைக் குறைத்தல். சீருடை வாங்க இயலாத பிள்ளை கழுத்துத் துணி மட்டும் அணிந்து வரலாம் என்று விதித்தோம். மூங்கில் கழியும் பனைநார்க் கயிறும் ஊரிலேயே கிடைத்தன. மூன்றாவது, பெரியோரை ஆசிரியராக்குதல். தச்சரும், வைத்தியம் அறிந்த பாட்டியும், கண்மாய் மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சியும் எங்கள் படைக்குப் பாடம் நடத்தினர். தம் அறிவைப் பள்ளி மதிக்கின்றது என்று கண்டபின், ஊரார் படையை ஐயத்தோடு பார்ப்பதை விட்டனர்.

நான்காவதே தலையாயது: அணித்தலைவனை உண்மையான தலைவனாக்குதல். இங்கிலாந்தில் அணிமுறை பற்றி அரிய நூல் எழுதிய ரோலண்டு பிலிப்ஸ் என்னும் இளைஞர் 1916-இல் முதல் உலகப் போரில் மாண்டார். அணிமுறையைப் பல வழிகளுள் ஒன்றாகக் கொள்ளாது, படை நடத்துவதற்குரிய வழியே அதுதான் என்று கொள்ளவேண்டும் என்பது அவ்வியக்கத்தார் கண்ட முடிபு. ஆசிரியரே எல்லாம் செய்தால், அவர் மாற்றலாகும் நாளில் படையும் மறையும். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாற்றல் தப்பாது அன்றோ? அணித்தலைவர் மன்றம் கூடி முடிவெடுக்கும் படை, ஆசிரியர் இல்லாவிடினும் ஓராண்டு நிற்கும். நான் நோயுற்று நான்கு மாதம் விடுப்பில் இருந்தபோது எங்கள் படை ஒரு வாரமும் கூடத் தவறியதில்லை. என் ஆசிரியப் பணியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நற்சான்றிதழ் அதுவே.

மாணவர்களே! பேடன் பவல் 1941 சனவரி 8-ஆம் நாள் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு நியேரி என்னும் ஊரில் காலமானார். அவரது கல்லறையின் மீது ஒரு வட்டமும் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. 'நான் வீடு திரும்பிவிட்டேன்' என்பது சாரணர் தடக்குறிகளில் அதற்குப் பொருள். அவர் குறைகள் உள்ள மனிதர். அவர் தோற்றுவித்த இயக்கம் அவரினும் பெரிதாக வளர்ந்தது. இடமில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் அதனுள் வந்து, அதன் விதிகளை உண்மையென்று கொண்டு நடந்ததே அவ்வளர்ச்சிக்குக் காரணம்.

உங்கள் ஊரில் படை இருந்தால் சேருங்கள். இல்லையேல், உங்கள் ஆசிரியரை அணுகிக் கேளுங்கள். ஆறு பேர் கிடைத்தால் ஓர் அணி அமைக்கலாம். அந்த அறுவரும் ஒரே தெருவினராய் இல்லாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.